ஐந்தாவது பிரதி

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவேன் அம்மா, எழுதி வையுங்கள் என்று போன வெள்ளிக்கிழமை கிராம சேவகப் பிள்ளை இமேஷா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இப்போது மணி ஒன்பதே கால். வாக்காளர் பதிவுப் படிவம் மேசையில் கிடக்கிறது, சற்குணதேவி எதிரே கதிரையில் இருக்கிறாள், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எழுபத்துமூன்று வயதில் ஒரு மனுசி ஒரு கடதாசியோடு கோபித்துக்கொண்டிருப்பதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். என்ன பெரிய வேலை? பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், ஒரு கையெழுத்து. இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு ஆளும் இல்லை. வருசா வருசம் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிற காரியம். இந்த வருசம் பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக அரை மணித்தியாலம் போய்விட்டது, தேத்தண்ணியில் ஆடை கட்டிவிட்டது. எல்லாம் அக்காவால் வந்தது. சரி, அக்காவைக் குறை சொல்லி என்ன, கேட்கவேண்டிய கேள்வியைத்தானே கேட்டாள். கனடாவிலிருந்து ஞாயிறுதோறும் எடுப்பாள் அக்கா. முழங்கால் நோ, பேரப்பிள்ளைகளின் படிப்பு, பனி, புட்டுக்கு மா சரிவரவில்லை, இவ்வளவுதான் பேச்சு. நாற்பது வருசமாக இரண்டு பேரும் அந்த ஆடி மாதக் கலவரத்தைச் சுற்றி, ஈரத் தரையைச் சுற்றிப் போவதுபோலப் போய்வந்தார்கள். முந்தாநாள் ஞாயிறு திடீரென்று அக்கா அதில் காலை வைத்துவிட்டாள். "இஞ்ச பெடியள் எல்லாத்தையும் ரெக்கோட் பண்ணி வைக்கினமாமடி. வாற கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கினம். அதுதான் யோசிச்சுப் பாத்தன். பதினோராம் நம்பர், பதின்மூண்டு, பதினைஞ்சு எல்லாத்தையும் விட்டிட்டு நேர எங்கட பதினேழுக்கு எப்பிடியடி வந்தவங்கள்? உனக்கு ஏதும் தெரியுமே?" லிஸ்ட் வச்சிருந்தவங்கள்தானே அக்கா, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே என்றாள் சற்குணதேவி. "ஓம், லிஸ்ட். அதை ஆர் குடுத்தது?" அடுப்பில் பால் இருக்கு அக்கா, பிறகு எடுக்கிறன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பெயரையாவது எழுதுவோம் என்று மூடியைக் கழற்றினாள். பேனை கடதாசியில் பட்டதும் விரல் தன்பாட்டில் அழுத்தியது. அந்த அழுத்தம் அவளைவிட்டுப் போகாது. வங்கியில் கையெழுத்து வைத்தால் அடுத்த தாளிலும் விழும், அப்படி ஒரு கை. பழக்கிவிட்டவன் ஒருவன் இருக்கிறான், டைப்ரைட்டர். அவள் வேலை செய்த தேர்தல் கந்தோரின் மூலையில், யன்னலுக்குப் பக்கத்தில், சிங்கள எழுத்துப் பூட்டிய பெரிய இரும்பு டைப்ரைட்டர். அதன்முன் அவள், இருபத்துநாலு வயதில், சிங்களம் பாஸ் பண்ணிய தமிழ்ப் பெட்டை. சிங்களம் படிக்காவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று சட்டம் வந்தபோது முன்னிருந்தவர்களில் சிலர் வேலையை விட்டார்கள், சிலர் கப்பலேறினார்கள், சிலர் முறுக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். பிறகு வேலைக்குச் சேர்ந்த இவள் படித்தாள். வேண்டாவெறுப்பாகப் படித்திருந்தாலும் பரவாயில்லை. ஆசையாகப் படித்தாள், அதுதான் விசயம். அந்த வட்ட வட்ட எழுத்தை எழுதிப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. இது என்னுடைய நாடு, இதன் இரண்டு பாஷையும் எனக்கு வரும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள். மாசி நாலாம் திகதி சுதந்திர தினம் வந்தால் கேற்றில் சிங்கக்கொடி கட்டுவாள், பின்னேரம் இறக்கி மடித்து வைப்பாள், இன்றைக்கும் அலுமாரியில் சேலைகளுக்குமேல் அதுதான் இருக்கிறது. சொந்தக்காரர் கேலி பண்ணினார்கள். சிங்கத்தின்ர பக்கத்தில ரெண்டு கோடு போட்டிருக்கு, அதுதான் நாங்களும் சோனகரும், சிங்கம் வாளோட எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது, வடிவாப் பார் என்பார் அத்தான். அத்தான் விஸ்வநாதன், அக்காவின் புருசன், வங்கிக்காரர், கேலி பண்ணினாலும் கொடிக்கயிற்றை முடிந்து தருபவர். கயிறு முடியத் தெரியாத ஒரு நாட்டுப்பற்று என்று சிரிப்பார். பேனை நின்றுவிட்டது. தன் பெயரின் முதல் எழுத்தோடு நின்றுவிட்டது.

அத்தானுக்கு இங்கே வாக்காளர் இடாப்பில் பெயரே இருக்கவில்லை, அதை முதலில் சொல்லவேண்டும். அக்காவிடம் சொல்வதாயிருந்தால் அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும். மாற்றலாகிக் கொழும்புக்கு வந்து தெஹிவளையில் ஒழுங்கைக்குள் பதினேழாம் இலக்கம் வாடகைக்கு எடுத்தார்கள். எங்களுக்கு ஊரில ஓட்டு இருக்கு, இஞ்ச என்னத்துக்கு என்றார் அத்தான். இவள் விட்டாளா? இருக்கிற இடத்தில பேர் இருக்கவேணும் அத்தான், பேர் இல்லாட்டி நாளைக்கு உங்களை ஆர் மனுசராக் கணக்கெடுக்கப் போகினம் என்று வாயாடி, படிவத்தைத் தானே நிரப்பி, அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். அவருக்கு மட்டுமா? பின்னேரங்களில் குடையைப் பிடித்துக்கொண்டு தமிழ் வீடு வீடாகப் போய் விடுபட்ட பெயரெல்லாம் சேர்த்தாள். யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இடாப்பில் ஒரு தமிழ்ப் பெயரும் விடுபடக்கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். விடுபடவில்லை. ஒன்றுகூட விடுபடவில்லை. பிறகு சித்திரை வருசத்துக்கு முன் முழு இடாப்பையும் அவளே தட்டினாள். எப்போதும் நாலு பிரதி. ஒன்று தலைமைக் கந்தோருக்கு, ஒன்று மாவட்டக் கச்சேரிக்கு, ஒன்று சனம் பார்க்கச் சுவரில் தொங்கவிட, ஒன்று அலுமாரிக்கு. அந்த முறைதான் வீரக்கொடி மாத்தயா, அவளுடைய கந்தோர்ப் பெரியவர், மேசையடியில் வந்து நின்று, மிஸ் சற்குணா, இம்முறை ஐந்து அடிப்போமா என்று கேட்டார். அடி என்று சொல்லவில்லை, அடிப்போமா என்றார். அப்படி மரியாதையான மனிதர். அம்மா செத்தபோது லீவு எடுத்துக் கொடுத்தவர். எங்கள் பிள்ளைகளைவிடச் சற்குணாவின் சிங்களம் சுத்தம் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். ஐந்தாவது யாருக்கு மாத்தயா என்று அவள் கேட்டிருக்கலாம். வாய் இருந்தது, பாஷையும் இருந்தது. கேட்கவில்லை. அரசாங்க ஊழியர் அப்படியெல்லாம் கேட்பதில்லை, தமிழ் ஊழியர் கேட்பதேயில்லை, பாராட்டு வாங்கிய தமிழ் ஊழியருக்குக் கேட்கத் தோன்றவே தோன்றாது. நாலு காபன் தாள் வைத்தால் கடைசித் தாளில் எழுத்து வெளிறிப் புகைபோல விழும். அதற்காக விசையை ஓங்கி ஓங்கி அடித்தாள். விரல் நுனி வீங்கி, இரவில் சுடுதண்ணியில் தோய்த்தாள். மாத்தயா ஐந்தாவது தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதையும் வாசிக்கலாமே என்றார். அந்தச் சந்தோசம் அவளுக்கு ஒரு கிழமை இருந்தது.

ஒன்பதே முக்கால். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பித் தேத்தண்ணியை ஊற்றிவிடக் குசினிக்குப் போனாள், ஊற்றாமலே திரும்பி வந்தாள். இனி அந்த ஆடி மாதத் திங்கட்கிழமைதான். வேறு வழியில்லை, எந்தப் பக்கத்தால் போனாலும் அங்கேதான் போய் முட்டும். பதினொரு மணிக்கே கந்தோர் யன்னலால் புகை தெரிந்தது. மாத்தயா வந்து, மிஸ், பொட்டை அழித்துவிட்டுப் போங்கள், குடையைத் தாழ்த்திப் பிடியுங்கள் என்றார். அந்த அன்பை அவள் எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருக்கிறாள்! தெரிந்து சொன்னாரா, புகையைப் பார்த்துச் சொன்னாரா? ஐந்தாவதை அவர் கொடுத்தாரா, அலுமாரியிலிருந்து வேறு யாரும் எடுத்தார்களா? ஒருநாள் அவரை நல்லவராக்குவாள், மறுநாள் தூக்கில் போடுவாள். பஸ் இல்லை. நடந்து அக்காவின் ஒழுங்கை வாசலுக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவனிடம் மண்ணெண்ணெய்க் கான். நடுவில் சாரமும் வெள்ளைச் சேட்டுமாக ஒரு ஆள், பள்ளிக்கூட வாத்தியார்போல, கையில் மடித்த தாள். அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு மரியாதையாக, நோனா, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், இது ஒன்றா ஏழா என்று தாளை நீட்டினான். வெளிறிய ஊதா எழுத்து. மேலே வரிக்குச் சற்று ஏறி நிற்கும் ஒரு எழுத்து, அவளுடைய டைப்ரைட்டரின் நொண்டி எழுத்து, ஆயிரம் டைப்ரைட்டருக்குள்ளும் அவளுக்குத் தெரியும். கந்தோரில் இடாப்பை மூலத்தோடு ஒத்துப்பார்க்கும்போது உரக்க வாசிக்கிறவள் அவள்தான். வாசிக்கிறவள் யோசிக்கக்கூடாது, கண் கண்டதை வாய் சொல்லவேண்டும், யோசித்தால் பிழை வரும். ஒன்பது வருசம் அப்படியே பழக்கிய வாய். ஹத, என்றாள். ஏழு. தாஹத, பதினேழு. அப்படிச் சுத்தமான சிங்களத்தில் சொன்னாள். சொல்லி முடிந்த பிறகுதான் அது யாருடைய வீடு என்று மண்டைக்குள் விழுந்தது. ஸ்துதி நோனா, என்றான் அவன். நன்றி சொன்னான், நன்றி! அங்கே ஒருவரும் இல்லை, அவர்கள் போய்விட்டார்கள் என்று பின்னால் கத்தினாள், கத்தினதாகத்தான் நினைக்கிறாள், சத்தம் வந்ததோ தெரியாது. அக்காவும் பிள்ளைகளும் பின்மதிலால் ஏறிப் பதினைந்தாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள், அந்த வீட்டுச் சிங்கள மனுசி அவர்களை நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அத்தான் மட்டும் திரும்பி வந்திருந்தார், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை எடுக்க. வீட்டோடு அவரும் போனார். பெயர் இல்லாட்டி மனுசராக் கணக்கெடுக்கமாட்டினம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

பிறகு நடந்ததெல்லாம் ஒரு ஒழுங்கோடுதான் நடந்தது. அகதிமுகாமாக்கிய பள்ளிக்கூடத்துக்கு மாத்தயா பாணும் கதலிப்பழமும் கொண்டுவந்தார். கண்ணுக்கு நேரே பார்த்தார். எப்போது வேலைக்கு வருவீர்கள், இடாப்புத் திருத்த வேலை கிடக்கிறது என்றார். அக்கா பிள்ளைகளோடு கப்பலில் ஊருக்குப் போய் அங்கிருந்து கனடா போனாள். இவள் புரட்டாதியில் வேலைக்குப் போனாள். போனாள்! எரிந்த வீடுகளின் பெயர்களைச் சிவப்புப் பென்சிலால் வெட்டும் வேலையும் அவளுக்குத்தான் வந்தது. ஏன் போனாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்? விட்டுப்போனால் அது என்னுடைய நாடில்லை என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்பாள். அது பாதி உண்மை. மீதி, டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது மாத்தயாவைக் கேட்டுவிடலாம் என்ற எண்ணம். கேட்கவில்லை. மாத்தயாவின் செத்தவீட்டுக்கும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய் வந்தாள். நாடும் கேட்கவில்லை, அது தன்பாட்டில் கொடி ஏற்றியது, கிரிக்கெட்டில் கோப்பை வாங்கியது, அதற்கு இவளும் கைதட்டினாள், இதை எங்கே போய்ச் சொல்ல? இடையில் மேடையேறி மன்னிப்பும் கேட்டுப் பார்த்தார்கள். நடந்தது பிழைதான், ஆனால் என்று தொடங்குவார்கள். அவள் கேட்ட எல்லா மன்னிப்பிலும் அந்த ஆனால் இருந்தது, மன்னிப்பைவிட அதுதான் நீளம். பக்கத்து வீட்டு டாக்டர் சொன்னார், பென்சன் எடுத்த கிளாக்கர் சொன்னார், சந்தையில் கீரை விற்கிறவள்கூடச் சொன்னாள். பாவம்தான் நோனா, ஆனால். நேசித்தவளுக்குத்தான் இது எரியும். சும்மா இருந்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு நாடு போனது, அவ்வளவுதான். இவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உன் பாஷையால், உன் விரலால், உன் வாயாலேயே செய்வித்துவிட்டு, ஸ்துதி நோனா என்று சொல்லிவிட்டல்லவா போனது! கேற் மணி அடித்தது. குனிந்து பார்த்தாள். படிவம் நிரம்பியிருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், கையெழுத்துக்கூட. மனம் ஊர் சுற்றிய நேரத்தில் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

இமேஷா குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம், நெஞ்சோடு அணைத்த கோப்பு. தமிழ்ச் சோதினை பாஸ் பண்ணியவள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவளின் விரல் வீட்டு இலக்கம் நாற்பத்தேழில் நின்றது. சற்குணதேவியின் பேனை அழுத்திக் கோடு கோணிப்போன இடம்.

"அம்மா," என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில், "இது ஒண்ணா, ஏழா?"

சற்குணதேவியின் வாய் திறந்துவிட்டது. ஏ என்று உதடுவரை வந்தும்விட்டது. அதை அப்படியே மூடினாள். மூடலாம் என்பது இப்போதுதான் தெரிந்தது. கை நீண்டு படிவத்தின் மற்ற மூலையைப் பிடித்தது.

"அதுக்கு முதல் நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ, பிள்ளை. இது எத்தினை பிரதி எடுப்பினம்?"

பிள்ளை விளங்காமல் சிரித்தாள். சிங்களத்துக்கு மாறினாள். "இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தானே அம்மா. பிரதி என்றால்... எங்கள் கந்தோருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, தலைமைக் கந்தோருக்கு, பிறகு பார்வைக்கு வைக்க ஒன்று."

"நாலு."

"ஓம், நாலு."

"அஞ்சாவது ஆருக்கு?"

"ஐந்தாவது இல்லையே அம்மா."

"இருந்தது. நான்தான் அடிச்சனான்."

அதற்குப் பிறகு சற்குணதேவியும் சிங்களத்திலேயே சொன்னாள். வட்ட வட்ட எழுத்தில் பாஸ் பண்ணிய அதே சுத்தமான சிங்களத்தில், நின்ற நிலையிலேயே, வெளிறிய ஊதாத் தாளையும், கண்ணாடி மறந்து வந்த ஆளையும், அவன் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன மறுமொழியையும், அவன் சொன்ன நன்றியையும். ஐந்து நிமிசம்கூட எடுக்கவில்லை. நாற்பது வருசமாக வயிற்றுக்குள் கிடந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே ஆத்திரம் வந்தது. இமேஷாவின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. படிவத்தின் ஒரு மூலை இன்னமும் அவள் கையில்தான்.

"நான் அப்போது பிறக்கவே இல்லை அம்மா."

"தெரியும். பிறந்திருந்த ஒருத்தரையும் நான் கேக்கேல்லை. அதுதான் உங்களைக் கேக்கிறன்."

"பெரிய பிழை அம்மா. ஆனால்..."

அதோடு நின்றுவிட்டாள். சற்குணதேவி காத்திருந்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் ஊர்வலம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் வரவில்லை. பிள்ளை படிவத்தை விட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியாது அம்மா," என்றாள் தமிழில்.

"தெரியாட்டி கேட்டுக்கொண்டு வாங்கோ. பழைய ஆக்கள் இருப்பினம், பழைய கோப்பு இருக்கும். அதுவரைக்கும் இது ஒண்டுமில்லை, ஏழுமில்லை."

பெயர் இல்லாமல் போகும் அம்மா, வாக்கு இல்லாமல் போகும் என்று மெதுவாகச் சொன்னாள் இமேஷா. ஓம், எனக்குத் தெரியாததோ என்றாள் இவள். இமேஷா கோப்பைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள், முழங்காலில் வைத்து எதையோ எழுதினாள். எந்த வருசம் என்று மட்டும் கேட்டாள். எண்பத்துமூன்று. எழுதினாள். பிறகு குடையை விரிக்க மறந்து வெயிலில் இறங்கிப் போனாள். வருவாளா, மாட்டாளா? கேட்டுவிட்டு வேலையை இழப்பாளா, கேட்காமல் நல்ல பெயர் எடுப்பாளா? சற்குணதேவிக்கு அந்தப் பிள்ளைமேல் இரக்கம் வந்தது, தன்மேல் வராத இரக்கம்.

படிவத்தை ஆறின தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தாள். கோபம் முழுவதும் இறங்கின பிறகு அடியில் ஒன்று மிச்சமாகக் கிடந்தது. முன்பின் தெரியாத பிள்ளையைப் பிடித்து மறுமொழி கேட்டவள் முந்தாநாள் தன்னைக் கேட்டவளுக்கு என்ன சொன்னாள்? அடுப்பில் பால் இருக்கு. கனடாவில் இப்போது எல்லாரும் படுத்திருப்பார்கள், பின்னேரம் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஞாயிறு அவளே எடுப்பாள்தானே. அக்காவுக்கு இருதய வருத்தம் வேறு. பிள்ளைகளுக்கு இப்போது அப்பாவின் முகமே மறந்திருக்கும், இனி என்னத்துக்கு? எல்லாம் நல்ல காரணங்கள். நாட்டிடமும் இப்படி நல்ல காரணங்கள் நிறைய இருந்தன. பாவம்தான், ஆனால்.

அக்காவின் இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கனநேரம் மணி அடித்தது.

"என்னடி? இந்த நேரத்தில? ஆருக்கும் ஏதும்...?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. எழும்பி இரு. நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டதுக்கு மறுமொழி சொல்லத்தான் எடுத்தனான்."